கண் கொடுத்த கணவர்கள்

மனைவிக்குப் பரிசு கொடுப்பதில் திருவண்ணாமலைக் கணவர்களுக்கு நிகர் கிடையாது. அது இந்த மண்ணின் குணம். பவளக்குன்றில் அம்மன் தவமிருக்க, அண்ணாமலையார் தம் உடம்பின் இடப்பாகத்தையே எடுத்துக் கொடுத்த ஊர் இது. கார்த்திகை தீபத்தன்று மாலை அர்த்தநாரீசுவரர் சில நிமிடங்கள் மட்டும் வெளியே வந்து காட்சி தருவார். அப்போதுதான் மலையுச்சியில் மகா தீபம் ஏறும். கொடுத்த பாதியைத் திரும்பக் கேட்காத கணவர் அவர். ஆண்டுதோறும் அந்தக் காட்சியைக் கும்பிட்டு வளர்ந்த ஆண்களுக்குக் கை குறுகுமா?

அதனால் பட்டுப்புடவை, மோதிரம் என்பதையெல்லாம் தாண்டி, இன்று டிஎஸ்எல்ஆர் கேமராவுக்கு வந்திருக்கிறார்கள். திருமண நாளுக்கு ஒருவர், குழந்தையின் காதுகுத்துக்கு ஒருவர், தீபாவளி போனஸ் வந்த கையோடு ஒருவர். இந்த ஊரில் கேமரா வாங்கத் தனியாகக் காரணம் தேட வேண்டியதில்லை. 217 அடி ராஜகோபுரம் வாசலில் நிற்கிறது. மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை, அதில் எட்டு லிங்கங்கள், பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கில் சனம். காலையில் ஒரு நிறம், மழை விட்டதும் ஒரு நிறம் என்று மலையே மாறிக்கொண்டிருக்கும். இத்தனையையும் மனைவி தன் கண்ணால் பார்த்துப் படமாக்க வேண்டும் என்று ஒரு மனிதர் நினைக்கிறார் என்றால் அவரைப் புகழாமல் யாரைப் புகழ்வது?

புடவை எடுப்பதென்றால் மனைவியையும் கடைக்குக் கூட்டிப்போக வேண்டும். முந்தானையைத் தோளில் போட்டுப் பார்க்காமல் ஒருத்தி புடவை வாங்க மாட்டாள். நகைக்கும் அப்படித்தான், வளையல் கைக்குள் நுழைகிறதா என்று பார்த்தாக வேண்டும். கேமராவில் அந்த அலைச்சலைக் கணவர் வீட்டம்மாவுக்கு வைப்பதே இல்லை. தேர்ந்தெடுக்கும் பாரம் முழுவதையும் தாமே சுமக்கிறார். வீடு தூங்கிய பிறகு உட்கார்ந்து யூடியூபில் விமர்சனம் விமர்சனமாகப் பார்க்கிறார். புல் பிரேம் சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர், கேனான் ஏபிஎஸ்-சி 22.3க்கு 14.9 என்று அவருக்கு மனப்பாடம். கேனானா நிக்கானா என்று அலுவலகத்தில் கேட்கிறார், கல்யாண போட்டோ எடுக்கும் நண்பரைக் கேட்கிறார், பெங்களூரில் இருக்கும் மைத்துனரைக் கேட்கிறார். கடைசியில் ஏறக்குறைய 190 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சென்னைக்குப் பேருந்து ஏறி, நேரில் தொட்டுப் பார்த்து வாங்கி வருகிறார். கேட்காமல் விட்டது ஒரே ஒருவரை. சொல்லிவிட்டால் ஆச்சரியம் போய்விடுமே என்ற அன்புதான் காரணம். அந்த அன்பை நான் சந்தேகிக்கவில்லை.

கேட்டிருந்தால் வீட்டம்மா என்ன சொல்லியிருப்பார்? பெரும்பாலும் இரண்டே வாக்கியம். “விளக்கு வெளிச்சத்துல பிள்ளை முகம் தெளிவா வரணுங்க. தூக்கிக்கிட்டு நடக்கத் தோதா இருக்கணும்.” தொழில் தெரிந்த கடைக்காரருக்கு இது போதும். 2018இல் வந்த நிக்கான் டி3500 பேட்டரியோடு சேர்த்து 415 கிராம்தான். கேனானில் சிறியதைப் பார்த்தால், அதில் பொருத்தும் 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் வெறும் 160 கிராம். கேமராவோடு பெட்டியில் வரும் 18-55 லென்ஸை முழுக்க நீட்டினால் அதன் துவாரம் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. எஃப் 1.8 லென்ஸ் அதைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அகல் விளக்கின் எதிரே உட்கார்ந்திருக்கும் குழந்தையின் முகத்துக்கு அந்தப் பத்து மடங்குதான் உயிர். பிளாஷ் போட்டால் விளக்கின் ஒளியே செத்துவிடும்.

ஆனால் நம் கணவர் மனைவிக்குச் சின்னதாக வாங்கித் தரும் ஆளா? பேட்டரியோடு ஒரு கிலோவைத் தொடும் உடல், கூடவே ஒன்றரைக் கிலோவுக்கு நெருங்கும் 70-200 லென்ஸ், முக்காலி, முதுகில் மாட்டும் பை. மொட்டைமாடியில் நின்றபடி மலையுச்சித் தீபக் கொப்பரையை இழுத்துப் பிடிக்க அந்த நீள லென்ஸ் தேவை. மனைவி எதைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்பதைக் காட்டிலும் மனைவி எதைப் பார்த்தால் நன்றாக இருக்கும் என்பதை யோசித்து வாங்குகிற தொலைநோக்கு அது.

இந்தக் கணவர்கள் பிரெஞ்சுக்காரர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் கதையையும் ஆர்வமாகச் சொல்வார்கள். ரமண மகரிஷி சமாதியடைந்த 1950 ஏப்ரல் 14 இரவு அவர் இந்த ஊரில்தான் இருந்தார். வானத்தில் ஓடிய ஒளியைக் கண்டதாகச் சொன்னவர்களில் அவரும் ஒருவர். நூற்றாண்டின் தலைசிறந்த புகைப்படக்காரர் நம் தெருவில் நடந்தார் என்று சொல்லும்போது கணவரின் குரலில் ஒரு பெருமிதம் வரும். நியாயமான பெருமிதம். கார்த்தியே-பிரெஸ்ஸோன் பெரும்பாலும் கையில் வைத்திருந்தது உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன லைக்கா, ஒரே ஒரு 50 மில்லிமீட்டர் லென்ஸ் என்பதும் அவர்களுக்குத் தெரியும். தெரிந்தே மனைவிக்கு அதைவிடப் பெரியதாக வாங்குகிறார்கள்.

வாங்கி வந்த இரவு அவர் செய்யும் வேலையைப் பார்க்க வேண்டும். பெட்டியைப் பிரிப்பது அவர், வாரைப் பூட்டுவது அவர். வார் தம் தோளுக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்த்து நீளம் வைக்கிறார். கண் வைத்துப் பார்க்கும் வ்யூ ஃபைண்டருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சக்கரம் இருக்கும். கண்ணாடிப் பவர் உள்ளவர்களுக்காக வைத்தது. அதைத் திருப்பினால் உள்ளே தெரியும் காட்சி பார்ப்பவரின் கண்ணுக்குத் தக்கபடி தெளியும். அதைத் தம் கண்ணுக்குக் கச்சிதமாகத் திருப்பி வைக்கிறார். பிறகு மனைவியின் கையில் கொடுக்கிறார். வீட்டம்மா கண்ணை வைத்துப் பார்க்கிறார். கோபுரமும் மங்கல், குழந்தையும் மங்கல்.

“என்னங்க, ஒண்ணும் சரியாத் தெரியலையே.”

“உனக்கு இன்னும் பழகலை. கொடு, நான் எடுத்துக் காட்டறேன்.”

இதில் அதட்டல் இல்லை, ஏளனம் இல்லை. கனிவாகத்தான் வாங்கிக்கொள்கிறார். அந்தக் கனிவுக்குப் பிறகு கேமரா மனைவியின் கைக்கு வருவது அபூர்வம். ‘எனக்கு அதெல்லாம் வராது’ என்று வீட்டம்மாவே சொல்ல ஆரம்பித்துவிடுவார். வராதது அவருக்கல்ல, அரைச் சுற்றுச் சுற்றாத அந்தச் சக்கரத்துக்கு. திறமையுள்ள ஒரு பெண்ணைத் தனக்குத் திறமையில்லை என்று இவ்வளவு மென்மையாக, ஒரு கடுஞ்சொல் கூட இல்லாமல் நம்பவைக்க வேறு யாரால் முடியும்?

அவர் கற்றுத்தரவும் தயங்குவதில்லை. டி3500 மாதிரியான கேமராவில், புதிதாகப் பிடிப்பவருக்குத் திரையிலேயே படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கும் ‘கைடு’ என்ற முறை உண்டு. மனைவியை அவ்வளவு கீழே இறக்கிப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை. எடுத்த எடுப்பில் ‘மேனுவல்’ முறைதான். துவாரம், ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ மூன்றையும் கையாலேயே வைக்க வேண்டும். அடுப்பில் குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்போது வகுப்பு தொடங்குகிறது. விசிலை நிறுத்த மனைவி எழுந்து போன இடத்தில் பாடமும் நின்றுவிடுகிறது. அடுப்பைத் தாம் போய் அணைத்துவிட்டு வந்து பாடத்தைத் தொடர்ந்தால், தம் ஆசிரியர் நிலைக்குக் குறைவு வந்துவிடும் என்று நினைக்கிறாரோ என்னவோ.

பராமரிப்பிலும் அவரைக் குறை சொல்ல வழியில்லை. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் என்று படித்தவர். சிலிகா ஜெல் பொட்டலங்கள், துடைக்கும் துணி, தூசி ஊதும் ரப்பர் பந்து எல்லாம் வாங்கி, மனைவியின் பட்டுப்புடவைகளை ஒதுக்கிவிட்டுப் பீரோவின் மேல்தட்டில் இடம் செய்கிறார். சாவி அவரிடம் இருக்கும். குழந்தை கை படாது, மழை படாது, மாவு படாது. கல்யாண வீடுகளில் ஓயாமல் உழைக்கும் கேமராக்கள் ரப்பர் உரிந்து, முனை தேய்ந்து, எழுத்து அழிந்து கிடக்கின்றன. நம் வீட்டுக் கேமராவோ வாங்கிய அன்றைய பளபளப்போடு அப்படியே இருக்கிறது. தொண்டைமானிடம் தூது போன ஔவையார் அவனுடைய படைக்கலக் கொட்டிலைப் பார்த்துப் பாடிய புறநானூற்றுப் பாட்டைப் பள்ளியில் படித்தவர்கள், இந்தப் பீரோவைத் திறந்து பார்க்கும்போது கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

உத்தரவாதச் சீட்டில் மனைவியின் பெயரைத்தான் எழுதுகிறார். அதை அவர் எல்லோரிடமும் சொல்வார். மறைக்கிற ஆள் இல்லை. படங்களின் மூலையில் மட்டும் தம் பெயரையும் அதற்குப் பக்கத்தில் ‘போட்டோகிராபி’ என்றும் போட்டு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கிறார். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு புகைப்படத்தின் ஆசிரியர் அதை எடுத்தவர்தான். கேமராவுக்குப் பணம் கொடுத்தவர் அல்லர். நம் கணவர் சட்டத்தை மதிப்பவர். அதனால்தான் ஷட்டர் பொத்தானைத் தாமே அழுத்திவிடுகிறார்.

இந்த இடத்தில் ஹோமாய் வியாரவாலாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர், 1913இல் பிறந்தவர். அவருக்குக் கேமராவைக் கற்றுக்கொடுத்தவர் கணவர் மானெக்‌ஷா வியாரவாலா. வெறுமனே கற்றுக்கொடுத்ததோடு நிற்கவில்லை, இருட்டறை வேலையிலும் தோள் கொடுத்தார். ஹோமாயின் தொடக்க காலப் படங்கள் பல கணவர் பெயரில்தான் வெளிவந்தன. பெயர் தெரியாத ஒரு பெண்ணின் படத்தை அன்றைய பத்திரிகைகள் போடத் தயாராக இல்லை. பெயர் இல்லாவிட்டாலும் கேமரா ஹோமாயின் கையில் இருந்தது. வெளியே போக வழியும் இருந்தது. அதனால்தான் பிறகு அதே கை டெல்லியில் சுதந்திரத்தின் முதல் நாட்களைப் படம்பிடித்தது, மவுண்ட்பேட்டன் விடைபெற்றுப் போனதைப் படம்பிடித்தது, நேருவைப் படம்பிடித்தது. 1970இல் தொழிலை விட்டார். 2011இல் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். மானெக்‌ஷா மனைவியின் கையில் கேமராவைக் கொடுத்துத் தம் பெயரை அதற்குக் கடனாகத் தந்தவர். எங்கள் ஊர்க் கணவர் மனைவியின் பெயரை உத்தரவாதச் சீட்டுக்கு வாங்கிக்கொண்டு கேமராவைத் தம் கையில் வைத்துக்கொள்கிறார். இருவரும் அன்பானவர்களே.

இன்னொரு பெண்மணியின் கதையும் நமக்கு அதிக தூரமில்லாதது. 1863 டிசம்பரில், இங்கிலாந்தின் ஒயிட் தீவில் இருந்த ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற 48 வயதுக்காரருக்கு மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். தனிமையில் பொழுதுபோகத் துணையாக இருக்கட்டும் என்பதுதான் அவர்கள் எண்ணம். அந்த அம்மா நிலக்கரி போட்டுவைத்த அறையை இருட்டறையாக்கினார். கண்ணாடி போட்ட கோழிக்கூண்டைக் காலிசெய்து ஸ்டூடியோவாக்கினார். ரசாயனம் சொட்டும் ஈரத் தகட்டைக் கையிலேந்திக்கொண்டு, ஒவ்வொரு படத்தையும் கணவரிடம் காட்ட ஓடுவார். போகிற வழியெல்லாம் மேசைவிரிப்புகளில் கறை. கணவர் சார்லஸ் ஹே கேமரன் அந்தக் கறைகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஒவ்வொரு படத்தையும் ஆசை ஆசையாகப் பார்த்தார். 1875இல் அவர்கள் இலங்கைக்குக் குடிபோனார்கள். அங்கே தோட்டங்களில் வேலைசெய்த தமிழர்களையும் அந்த அம்மா படமெடுத்தார். 1879இல் இலங்கை மண்ணிலேயே இறந்தார். இன்று புகைப்படக் கலையின் வரலாற்றை அவர் பெயரில்லாமல் எழுத முடியாது. அந்த வீட்டில் வேலைக்கு ஆட்கள் இருந்தார்கள், வசதி இருந்தது. எல்லா வீட்டுக்கும் அது வாய்க்காது என்பது உண்மைதான். ஆனால் கறை படிய விடுவதற்கு வசதி தேவையில்லை. எங்கள் ஊர் வீடுகளில் பரிசாக வந்த கேமராவால் ஒரு வேளைச் சாப்பாடு கூடத் தாமதமானதில்லை. அந்த ஒழுங்கைக் கணவர்கள்தான் காப்பாற்றி வருகிறார்கள்.

தீபத்தன்று இதைக் கண்ணாரக் காணலாம். விடியற்காலை நான்கு மணிக்குக் கோயிலில் பரணி தீபம். அப்போதே வீட்டம்மா எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டிருப்பார். பொரி உருண்டைக்குப் பாகு காய்ச்ச வேண்டும், அகல்களைக் கழுவித் திரி போட வேண்டும், தீபம் பார்க்க வெளியூரிலிருந்து வந்திறங்கிய நாத்தனார் குடும்பத்துக்குக் காபி, டிபன், சாப்பாடு. சாயங்காலம் ஆறு மணிக்கு மலையில் சுடர் எழும்போது ஊரே “அண்ணாமலையாருக்கு அரோகரா” என்று முழங்கும். கணவர் முக்காலியோடு மொட்டைமாடியில் நான்கு மணியிலிருந்தே இடம்பிடித்து நிற்பார். மனைவி கீழே வாசலில் அகல் ஏற்றிக்கொண்டிருப்பார். டிஎஸ்எல்ஆருக்குள்ளே ஒரு கண்ணாடி சாய்ந்து நிற்கிறது. படம் பதியும் கணத்தில் அது மேலே எழுந்துகொள்ளும், பார்ப்பவர் கண்ணுக்கு அந்தக் கணம் மட்டும் இருட்டு. மனைவிக்குப் பரிசாக வந்த கேமராவில், மனைவி வாசலில் நின்ற அந்த முழு மாலையும் அப்படித்தான் மறைந்துபோகிறது. மலையின் படங்கள் அருமையாக இருக்கும். அதைச் சொல்லாவிட்டால் நான் நன்றி கெட்டவளாவேன். ஒவ்வொரு ஆண்டும் ஊரில் எல்லோரிடமும் இருக்கும் அதே படம், கொஞ்சமும் பிசகாமல்.

குடும்ப ஆல்பத்தைப் புரட்டினாலும் அவர் நேர்மை தெரியும். குழந்தை இருக்கும், கோபுரம் இருக்கும், அவருடைய அம்மா இருப்பார். மனைவி எடுத்த படமும் இருக்காது, மனைவி இருக்கும் படமும் அதிகம் இருக்காது. இருந்தால் கையில் தட்டோடு பாதி திரும்பியபடி இருப்பார்.

இப்போது அவருக்கு ஒரு கவலை வந்திருக்கிறது. கண்ணாடியில்லாத மிரர்லெஸ் கேமராக்கள் சந்தையைப் பிடித்துவிட்டன. 2018இல் கேனான் ஆர் வரிசையையும் நிக்கான் இசட் வரிசையையும் கொண்டுவந்தபோதே டிஎஸ்எல்ஆரின் அந்தி தொடங்கிவிட்டது. சோனி தன் பழைய வரிசையையே கைவிட்டுவிட்டது. மனைவியின் கேமரா பழையதாகிவிட்டதே என்று அவர் மனம் பொறுக்கவில்லை. மனைவிக்குப் புதிதாக ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறார். பழையதில் மனைவி எடுத்த படங்கள் எத்தனை என்ற கணக்கை அவர் கேட்கவே இல்லை. கணக்குப் பார்த்துக் கொடுப்பது கொடையாகாது அல்லவா?

இவ்வளவு புகழ்ந்தவளுக்கு ஒன்று கேட்க உரிமை உண்டு. கணவர்மார்களே, கேட்கிறேன். உங்கள் அன்பில் பொய்யில்லை. இந்த ஊரில் எத்தனையோ வீடுகளில் மனைவியின் ஆசைக்கு ஒரு ரூபாய் கூடப் போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். நீங்கள் பணத்தைக் கொடுத்தீர்கள், உறக்கத்தைக் கொடுத்தீர்கள், அலைந்து வாங்கினீர்கள். ஆனால் வீட்டம்மாவுக்கு மிகவும் தேவையானதை மட்டும் கொடுக்கவில்லை: வெளியே போய்வர ஒரு பகல். கேமராவைவிட அதுதான் விலை கூடுதல் போலிருக்கிறது.

புதிதாக வாங்குவதை இந்த ஆண்டு தள்ளிவையுங்கள். பீரோவிலிருந்து பழையதை எடுங்கள். வாரை மனைவியின் தோளுக்குத் தக்கபடி குறையுங்கள். அந்தச் சக்கரத்தை மனைவியே திருப்பிக்கொள்ளட்டும். கோபுரத்தின் பொம்மைகள் பளிச்சென்று தெரியும்வரை திருப்பச் சொல்லுங்கள். நீள லென்ஸைக் கழற்றிவிட்டு 50 மில்லிமீட்டரை மாட்டுங்கள். கார்த்திகைத் திருவிழாவின் ஏழாம் நாள் பஞ்சரதங்கள் ஓடும். பெரிய தேருக்குப் பின்னால் வரும் அம்மன் தேரை இந்த ஊரில் பெண்கள் மட்டுமே வடம்பிடித்து இழுக்கிறார்கள். ஆயிரக்கணக்கான பெண்களின் கைகள், வியர்வை, சிரிப்பு, பாதம் கொப்பளித்தும் விடாத பிடி. அந்தக் கூட்டத்துக்குள் போய் நின்று படமெடுக்க ஒரு பெண்ணால்தான் முடியும். மாடியிலிருந்து எந்த 200 மில்லிமீட்டர் லென்ஸுக்கும் அது கிடைக்காது. கேமராவைக் கொடுத்து வீட்டம்மாவைத் தேரடி வீதிக்கு அனுப்புங்கள். படங்கள் கோணலாக வந்தால் வரட்டும், கேமராவில் கீறல் விழுந்தால் விழட்டும். நல்லதாக வரும் படத்தின் மூலையில் எடுத்தவரின் பெயரைப் போடுங்கள்.

ஒரு தேர் நிலைக்கு வந்த பிறகுதான் அடுத்த தேர் புறப்படும்; அம்மன் தேர் நிலைக்கு வர இரவு வெகுநேரமாகிவிடும். அன்றைய ராத்திரிச் சாப்பாட்டை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.